துணை மருந்தும் செவிலியர் துணையும்

மருந்தைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதன் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்களைக் கூறுகிறார். நோயாளி ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மூன்றாவது மருந்து, நான்காவது, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவர். இந்நான்கனுள் முதல் மூன்றைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. மாணவர்களாகிய உங்களிடம் இன்று அவரைப் பற்றியும், அவர் செய்யும் ஒரு குறிப்பிட்ட பணியைப் பற்றியும் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

அந்த நான்காமவரைத்தான் இன்று செவிலியர் என்கிறோம். ‘நர்ஸம்மா’ என்று நம் மக்கள் அன்போடு அழைப்பதும் அவரையே. 1860ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியபின் செவிலியர் பணி முறையான கல்வி உடைய தொழிலாயிற்று. நம் நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அவ்வூரிலேயே 1946-இல் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது. ஊசி போடுதல், காயம் கட்டுதல், நாடியும் வெப்பமும் குறித்தல் ஆகியவை செவிலியரின் பணிகள் என்பதை அனைவரும் அறிவர். நோயாளி மருத்துவமனை மருந்தோடு சேர்த்து வேறு என்னென்ன உட்கொள்கிறார், வேறு என்னென்ன சிகிச்சை செய்துகொள்கிறார் என்பதை அறிந்து, தீங்கு நேராதபடி அவருக்கு வழிகாட்டுவதும் அவர்தம் கடமைகளுள் ஒன்று. இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தோடு உடன் கொள்ளப்படும் பிற முறைகளைத் துணை மருத்துவம் என்பர். அம்மருந்தை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகக் கொள்ளப்படுவதை மாற்று மருத்துவம் என்பர். கஷாயம், சூரணம், எண்ணெய்த் தேய்ப்பு, ஒத்தடம், யோகாசனம், மூச்சுப் பயிற்சி, ஊசிக்குத்து மருத்துவம் எனத் துணை முறைகள் பலவாகும். மேலைநாடுகளில் இவை மருத்துவமனைக்குப் புறம்பானவையாகக் கருதப்பட்டன. நம் நாட்டின் நிலை வேறு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகியவை இங்குச் சட்டம் ஒப்புக்கொண்ட முறைகள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தோன்றியது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பெற்றது. 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது கபசுரக் குடிநீரையும் தமிழ்நாட்டில் பல இடங்களில் மக்களுக்கு வழங்கியதை நாம் கண்டோம். ஆகவே, நம்மிடையே ஒருவர் இரண்டு மருத்துவங்களை ஒருங்கே கைக்கொள்வது விந்தையன்று. மிக இயல்பான செயல்.

அவ்வியல்பான செயல் எங்கே இடர் தருகிறது? ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் மற்றொன்றைக் கைக்கொள்ளும்போதுதான் இடர் தொடங்குகிறது. நோயாளி சொல்லாமற் போவதற்குக் காரணங்கள் பல. மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்னும் அச்சம் ஒன்று. நெடிய வரிசையில் நின்று உள்ளே சென்றபின் கிடைக்கும் சில நிமிடங்களில் இதைச் சொல்வதற்கு நேரமில்லாமை மற்றொன்று. எல்லாவற்றிலும் பெரிய காரணம், தாம் உட்கொள்வது மருந்து என்றே அவர் எண்ணாமைதான். கஷாயத்தையும் பொடியையும் சாற்றையும் அவர் உணவின் வரிசையில் வைத்திருக்கிறார். ‘வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்று உண்மையாகவே விடை சொல்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. நம் கேள்விதான் அவருடைய பொருளைத் தொடவில்லை.

என் தமையனார் நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டுவந்தவர். ஒரு நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறிச் சாய்ந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபின் தெளிவடைந்தார். மாத்திரையின் அளவு மாறவில்லை, உணவும் குறையவில்லை. ‘வேறு மருந்து உண்டா?’ என்று இருவர் கேட்டனர். இல்லை என்றே அவர் சொன்னார். பிற்பகலில் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் கட்டிலருகே நின்று என் அண்ணியாரிடம் வேறு விதமாகக் கேட்டார்: “அம்மா, ஐயா காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை வாயில் போட்டுக்கொள்வது என்னென்ன? தண்ணீரிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லுங்கள், பார்ப்போம்.”

அண்ணியார் சொல்லத் தொடங்கினார். எழுந்தவுடன் வெந்தயம் ஊறிய நீர். அரை மணி கழித்துப் பாகற்காய்ச் சாறு ஒரு தம்ளர். அதன்மேல் சிறுகுறிஞ்சான் பொடி ஒரு கரண்டி. பொடியும் சாறும் சேர்ந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. செவிலியர் முகஞ்சுளிக்கவில்லை. “நல்லது அம்மா, சொன்னீர்களே! மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கிறது, இவையும் குறைக்கின்றன. எல்லாம் சேர்ந்து அளவுக்கு மேல் இறக்கிவிட்டிருக்கலாம். டாக்டரிடம் சொல்லி எதை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுத் தருகிறேன். அதுவரை பொடியும் சாறும் வேண்டாம். மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்” என்றார். பின்னர் அதனை நோயாளியின் குறிப்பேட்டில் நாளிட்டு எழுதினார்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் வினாவும் கலையைப் படித்திருப்பர். ‘உண்டா, இல்லையா’ என்று முடியும் வினா, மாணவனின் உள்ளத்தில் இருப்பதை வெளிக்கொணராது. ‘எப்படிச் செய்தாய், வரிசையாகச் சொல்’ என்னும் வினாவே அவன் எங்கே பிழைத்தான் என்பதைக் காட்டும். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த அந்தப் பாடத்தை, நோய்ப் படுக்கையின் அருகே அந்த இளம் செவிலியர் செம்மையாக நிகழ்த்திக் காட்டினார். அவர் வினவிய முறை ஓர் உயிரைக் காக்கும் செய்தியை வெளிக்கொணர்ந்தது.

‘மூலிகைதானே, அது என்ன தீங்கு செய்யும்?’ என்று சிலர் வினவலாம். மூலிகை நோயைத் தீர்க்க வல்லது என்றால் உடலில் அது ஒரு மாறுதலைச் செய்கிறது என்றுதான் பொருள். மாறுதல் செய்ய வல்லது எதுவும் அளவு தவறினால் தீங்கும் செய்ய வல்லதே. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர், நாட்டுப்புற மக்கள் நீர்க்கோவைக்குப் பயன்படுத்திய ஃபாக்ஸ்கிளவ் என்னும் செடியை ஆராய்ந்து 1785-இல் நூல் வெளியிட்டார். இதய நோய்க்குக் கொடுக்கப்படும் டிஜாக்ஸின் என்னும் மருந்து அச்செடியின் இனத்திலிருந்து வந்தது. அதன் நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் என்னும் மருந்து, சிலருக்கு மிகுந்த மனச்சோர்வைத் தந்ததும் பின்னர் அறியப்பட்டது. நம் மாநில மலராகிய செங்காந்தளைப் பாருங்கள். அதில் உள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் மூட்டு வீக்க நோய் ஒன்றுக்கு மருந்து. அதன் கிழங்கைத் தின்றாலோ உயிரே போகும். ஆகவே, இயற்கைப் பொருள் என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இனி, இரண்டு மருந்துகள் உடலினுள் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். மூன்று வகையாக அதனைப் பகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, இரண்டும் ஒரே திசையில் இழுப்பது. என் தமையனாருக்கு நேர்ந்தது இதுவே. இரத்தம் உறையாமல் இருப்பதற்காக ஆஸ்பிரினோ வார்ஃபரினோ உட்கொள்பவர், பூண்டிலிருந்தோ ஜிங்கோ என்னும் மரத்தின் இலையிலிருந்தோ செறிவாகச் செய்த மாத்திரைகளையும் சேர்த்துக்கொண்டால் இரத்தப்போக்கு மிகும் அபாயம் உண்டு. குழம்பில் இடும் நாலு பல் பூண்டு வேறு. பலமடங்கு செறிவாக்கிய மாத்திரை வேறு. இதனால்தான் அறுவைச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே இத்தகைய மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும் என்கின்றனர்.

இரண்டாவது, ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பது. தொண்டைக்கு இதமென்று நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தைச் சான்றாகக் கொள்வோம். அதில் கிளிசிரைசின் என்னும் பொருள் இருக்கிறது. நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியம் என்னும் தாதுவை வெளியேற்றிவிடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்தைக் குறைக்க ஒருபுறம் மாத்திரை. ஏற்றுவதற்கு மறுபுறம் அதிமதுரம் என்றாகிவிடும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையும் உட்கொள்பவராயின் பொட்டாசியம் மேலும் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் விற்கப்படும் நிலாவிரை இலையும் இத்தகையதே. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் கொள்வதனால் கேடில்லை. நாள்தோறும் பேதியாகும்படி கொண்டால் பொட்டாசியம் இறங்கும். முன்னர்ச் சொன்ன டிஜாக்ஸின் உட்கொள்பவருக்கு அது பேரிடர். நாம் நல்லதென்றே போற்றும் கீரையும் இந்த வரிசையில் ஓரிடம் பெறும். கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்வது. வழக்கமான அளவில் கீரை உண்பவர் அவ்வளவிலேயே உண்ணலாம். திடீரென்று நாள்தோறும் முருங்கைக்கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால் மருந்தின் அளவு பொருந்தாமற் போகும்.

மூன்றாவது, ஒன்று மற்றொன்றின் வழியை மாற்றுவது. நாம் உட்கொள்ளும் மருந்துகளுட் பல ஈரலில் உள்ள நொதிகளால் சிதைக்கப்பட்டு வெளியேறுகின்றன. அந்நொதிகளின் வேகத்தை மாற்றும் பொருள்கள் உண்டு. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்காக மக்கள் தாமே வாங்கி உண்ணும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை அந்நொதிகளை விரைவுபடுத்துகிறது. மாற்று இதயம் பொருத்தப்பெற்ற இருவர் அம்மூலிகையை உட்கொண்டதனால், பொருத்திய இதயத்தை உடல் தள்ளிவிடாமற் காக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து அவர்தம் இரத்தத்தில் குறைந்துபோயிற்று. உடல் அவ்விதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. சூரிச் நகர மருத்துவர்கள் இதனை 2000-இல் எழுதி வெளியிட்டனர். நம் பம்ளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் என்னும் பழத்தின் சாறு இதற்கு நேர்மாறானது. அது நொதியை அடக்கிச் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் பலமடங்கு உயர்த்துகிறது. கனடாவில் வேறோர் ஆராய்ச்சியின்போது, மதுவின் சுவையை மறைப்பதற்காகச் சேர்த்த பழச்சாற்றினால் இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்டது. 1989-இல் வெளியுலகம் அறிந்தது. நம் மிளகில் உள்ள பைப்பரின் என்னும் பொருளும் வலிப்பு மருந்தாகிய ஃபெனிட்டாயின் முதலியவற்றை உடல் மிகுதியாக ஏற்கும்படி செய்வதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இரசத்தில் இடும் மிளகைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை; செறிவாக்கி மாத்திரையாக விற்கப்படும்போதுதான் கருத்துடன் இருக்கவேண்டும்.

இவையன்றி, பொருளே மாறிவிடுவதும் உண்டு. பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸெல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர்க்குச் சிறுநீரகம் கெட்டது 1993-இல் வெளியாயிற்று. குறித்த மூலிகைக்குப் பதிலாக, பெயரொற்றுமையால் அரிஸ்டலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்த செடி கலந்துவிட்டதே காரணம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அவ்வினத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய எழுபது ஆயுர்வேதப் பொருள்களை ஆராய்ந்தபோது, பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்கு ஈரல் பழுதுற்றதை எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அது சீந்திலைப் போன்ற வேறோர் இனமாக இருக்கலாம் என்று மறுத்துரைத்தது. இவ்விருவர் கூற்றிலிருந்தும் நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. எந்தச் செடி, யார் செய்தது, எவ்வளவு, எத்தனை நாள் என்னும் நான்கும் தெரியாமல் எதையும் உட்கொள்ளலாகாது.

உட்கொள்ளாத முறைகளிலும் கவனம் வேண்டும். நீரிழிவினால் பாதம் மரத்தவர் சூடான ஒத்தடம் கொடுத்துக்கொண்டால் தோல் வெந்ததையும் அறியமாட்டார். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும்; அக்காலை எண்ணெய் தேய்த்து நீவினால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கண்ணழுத்த நோய் உடையவர் தலைகீழாக நிற்கும் ஆசனம் செய்தால் கண்ணின் அழுத்தம் ஏறும். பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நுரையீரல் அழற்சி உண்டாகிறது. உரைமருந்து என்று வசம்பையும் சாதிக்காயையும் இழைத்துப் புகட்டுவதும் அவ்வாறே ஆராய்தற்குரியது. சாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தருவது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று தாய்மார்க்கும் பாட்டிமார்க்கும் பொறுமையோடு எடுத்துரைப்பவர் கிராமச் செவிலியரே.

எல்லாவற்றிலும் கொடிது, தேவையான மருந்தையே நிறுத்திவிடுவது. இன்சுலின் சுரக்காத குழந்தைக்கு இன்சுலின் ஊசியை நிறுத்தினால், சில நாள்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து நேரும். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் வலிப்பு தொடர்ந்து வரலாம். தொடக்கத்திலேயே அறுவைச் சிகிச்சையால் தீர்க்கக்கூடிய புற்றுக்கட்டி, ‘பச்சிலையால் கரைத்துத் தருகிறோம்’ என்னும் சொல்லை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் தீராத நிலையை அடைந்துவிடும். நீரிழிவு, புற்றுநோய் முதலிய ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை, 1954ஆம் ஆண்டு இயற்றிய மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடுத்திருக்கிறது. அச்சட்டம் இருந்தும் அத்தகைய விளம்பரங்களை நாம் இன்றும் கைப்பேசியிற் காண்கிறோம். நோயாளியின் நம்பிக்கையை விலை பேசும் விளம்பரத்திற்கும், கற்றுத் தேர்ந்த சித்த மருத்துவர் நாடி பார்த்துத் தரும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இத்தனை வகைச் சிக்கலிலும் செவிலியர் செய்யக்கூடியது யாது? அவர் முதலில் இழிவுபடுத்தாமல் கேட்கிறார். ‘பலரும் வீட்டில் சில மருந்துகளைச் சேர்த்துக்கொள்வார்கள், நீங்கள் எதைக் கொள்கிறீர்கள்?’ என்று தொடங்கினால் நோயாளியின் கூச்சம் அகலும். அடுத்து, பெயர் தெரியாதாயின், அப்பொட்டலத்தையோ புட்டியையோ கொண்டுவரச் சொல்கிறார். நச்சுத்தன்மை உடைய சரக்கு சேர்ந்த சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் கொள்ளவேண்டும் என்னும் எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது விதி. செய்தவர் பெயர், உரிம எண், நாள் ஆகியவை இல்லாத பொட்டலம் என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை. பின்னர் அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதி மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் அறிவிக்கிறார். தீய விளைவு நேர்ந்திருந்தால், 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கு அறிக்கை அனுப்பவும் அவரால் இயலும்.

நோயாளிக்குச் சொல்லும் அறிவுரையை அவர் மூன்று கூறாகப் பிரிக்கலாம். ஒன்று, தடையின்றிச் செய்யத்தக்கவை. இறைவழிபாடு, இசை, மெல்லிய மூச்சுப் பயிற்சி, நோயாளிக்குப் பிடித்த கதையை ஒருவர் அருகிருந்து படித்தல் ஆகியவை துன்பத்தைத் தணிப்பன, மருந்தோடு மோதாதன. நெற்றியில் திருநீறு இடுவதைத் தடுக்கவேண்டிய செவிலியர் எவருமில்லை. புண்ணின் மேல் இடாதபடி பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு, கேட்டுச் செய்யத்தக்கவை. கஷாயம், சூரணம், எண்ணெய்ச் சிகிச்சை, கடினமான ஆசனங்கள் ஆகியவற்றுக்கு இரு மருத்துவர்க்கும் செய்தி தெரிந்திருக்கவேண்டும். மூன்று, உடனே நிறுத்தத்தக்கவை. பெயரும் முகவரியும் இல்லாத பொடி, ‘இதை உண்டால் இன்சுலின் வேண்டாம்’ என்னும் வாக்குறுதி, குழந்தையின் மூக்கில் விடும் எண்ணெய் ஆகியவை அத்தகையன.

செவிலியர்க்கும் ஓர் எல்லை உண்டு. தமக்குப் பிடித்த மூலிகையைத் தாமே பரிந்துரைப்பதும், ஒரு கடையின் பொருளை விற்றுக்கொடுப்பதும் அவர் பணியன்று. ‘இதெல்லாம் மூடத்தனம்’ என்று தூக்கியெறிவதும் அவர் பணியன்று. அவ்வாறு ஒரு முறை ஏளனம் செய்தால், அந்நோயாளி வாழ்நாள் முழுதும் வாயை மூடிக்கொள்வார். அவர் மூடிக்கொண்ட வாயில் எந்த அபாயம் ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னர் எந்தப் பரிசோதனையும் எளிதிற் காட்டாது. ஆகவே, நம்பிக்கையைக் காப்பதும் மருந்தைக் காப்பதைப் போன்ற கடமையே.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின் பயனாக, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையிலிருக்கும் நோயாளிகளைச் செவிலியர் வீட்டிற்கே வந்து காண்கின்றனர். மருத்துவமனைக் கட்டிலில் தெரியாத ஒன்று வீட்டில் தெரியும். சமையலறை அலமாரியிலும், சாமிப் படத்தின் அடியிலும், தலையணைக்குப் பக்கத்திலும் இருக்கும் புட்டிகள் அவர் கண்ணிற் படும். அவற்றைப் பற்றி அன்போடு நாலு வார்த்தை கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

மாணவர்களே, இப்பணியில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ நாள்தோறும் மருந்துண்பவராக இருக்கலாம். எழுதப் படிக்க இயலாதவராகவோ, சிறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரியாதவராகவோ அவர் இருக்கலாம். ஓய்வான ஒரு மாலையில் அவர் அருகே அமருங்கள். காலை முதல் இரவு வரை அவர் உட்கொள்வன அனைத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மாத்திரை, கஷாயம், பொடி, சாறு, தைலம், ஆசனம் யாவும் அதில் இடம்பெறட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு, கொடுத்தவர், தொடங்கிய நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். ‘இதை ஏன் உண்கிறீர்கள்?’ என்று அதட்டிக் கேளாதீர்கள். ‘இது எதற்கு நல்லது, தாத்தா?’ என்று கேளுங்கள். அவருக்குச் சொல்வதில் மகிழ்ச்சி. உங்களுக்குக் கேட்பதிற் பயன். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அத்தாளைச் செவிலியரிடம் கொடுங்கள். சித்த மருத்துவரிடம் செல்லும்போதும் அதே தாளைக் காட்டுங்கள். ஏனெனில் இங்குள்ளதை அங்குள்ளவரும் அறியவேண்டும்.

உங்களுள் சிலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் மருந்தாளுநராகவும் ஆவீர்கள். அப்பொழுது உங்கள் முன் அமரும் முதியவர் ‘வேறொன்றும் இல்லை’ என்று சொன்னால், அத்துடன் நின்றுவிடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வியை, சற்று வேறு விதமாக, சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.